சரி சொல்லக் கூடாத வேலை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டி எழுதுகிறேன். இங்கே நான் நலம், என் காதுகள்தான் நலமில்லை. நீயும் அத்தானும் சௌக்கியமா?

ஃபோனில் கூப்பிடாமல் கடிதம் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. பகல் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் குரலைக் கேட்கிறேன். வீட்டுக்கு வந்தபிறகு ஃபோன் மணி அடித்தால் தலையணைக்கு அடியில் திணித்துவிடுகிறேன். அதனால் இனி உனக்குக் கடிதம்தான்.

என் வேலை என்ன தெரியுமா? தொலைபேசி நிறுவனத்தில் ரத்துப் பிரிவு. 'இந்த இணைப்பே எனக்கு வேண்டாம்' என்று அழைப்பவர்கள் எல்லோரும் என் காதில்தான் வந்து விழுகிறார்கள். அவர்களைப் போகவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். எங்கள் மேற்பார்வையாளருக்கு மயிலிறகு மேடம் என்று பெயர் வைத்திருக்கிறோம். குரலாலேயே தடவிக் கொடுப்பார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "அவங்க வேண்டாம்னு சொன்னா, நீங்க சரின்னு சொல்லக் கூடாது. அந்த வார்த்தையை வீட்டுலயே வச்சுட்டு வாங்க."

வேறு என்ன சொல்வதாம்? இரண்டு வாசல். 'இருக்கிறீர்களா, போகிறீர்களா' என்று கேட்கவே கூடாது. 'சின்னத் திட்டத்துக்கு மாறுகிறீர்களா, இதே திட்டத்தைப் பாதியாக்கித் தரட்டுமா' என்று கேட்க வேண்டும். எந்த வாசலில் நுழைந்தாலும் நம் வீட்டுக்குள்தான் வந்து நிற்பார்கள். ஒருவரைப் பிடித்து வைத்தால் மேடம் மேஜை மணியை அடிப்பார், எல்லோரும் கை தட்டுவார்கள். இன்று எனக்கு மணி அடித்தது, அக்கா!

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் குட்டி

---

ஜனவரி 27

அன்புள்ள குட்டிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் காதுக்கு வெதுவெதுப்பான துணியை ஒற்றி எடு.

உன் கடிதத்தை வழக்கம்போல அத்தான்தான் முதலில் பிரித்துப் படித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "உன் தங்கச்சி என் கடைக்கு வந்திருக்கலாம். நானும் நாள் பூரா அதைத்தானே கேக்கிறேன்" என்றார். உண்மைதான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும்போது 'முதல் லென்ஸ் நல்லாத் தெரியுதா, ரெண்டாவதா' என்றுதானே கேட்கிறார். இப்போது மாலையில் கல்லாவில் நான்தான் உட்காருகிறேன்.

நீச்சல் குளத்துப் பக்கம் போகிறாயா என்று போன முறை நேரில் பார்த்தபோது கேட்டிருந்தாய். இல்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதை விட்டுத்தான் நாளாகிவிட்டதே. குளோரின் வாடை சில சமயம் கனவில் வரும், அவ்வளவுதான்.

உன் இரண்டு வாசல் விளையாட்டு வேடிக்கையாக இருக்கிறது. இன்னும் எழுது.

அன்புடன்
அக்கா

---

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

காது தேவலாம். நீ எப்படி இருக்கிறாய்?

இந்த மாதம் எங்கள் பிரிவில் நான்தான் முதல்! என் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி விழுந்திருக்கிறது, போகட்டும். எப்படி வாங்கினேன் என்று கேள். ஒரு பெரியவர் அழைத்தார். அவர் மனைவி இறந்துவிட்டாராம், அந்த அம்மாள் வைத்திருந்த எண்ணை ரத்து செய்ய வேண்டுமாம்.

மயிலிறகு மேடம் சொன்னபடியே செய்தேன். முதலில் அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன்: "ரொம்ப வெறுமையா இருக்குன்னு சொல்றீங்க." மனிதர் உருகிவிட்டார். அடுத்தது, மூன்று ஆமாம். மறுக்க முடியாத சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டு மூன்று முறை ஆமாம் வாங்கிவிட்டால், நான்காவதற்கு வாய் தானாக ஆமாம் சொல்லும். பிறகு பழைய நாட்களைக் கிளற வேண்டும்: எங்களோடு எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று. பிறகு 'இப்போதே முடிவெடுக்க வேண்டாமே' என்று தள்ளிப்போட வைக்க வேண்டும். கடைசியில் இரண்டு வாசல்: "எண் அவங்க பேர்லயே இருக்கட்டுமா, உங்க பேருக்கு மாத்தட்டுமா?" அவர் அவங்க பேர்லயே இருக்கட்டும் என்றார். மணி அடித்தது!

அத்தானிடமும் சொல், அவருக்குப் பிடிக்கும்.

உன் குட்டி

---

மார்ச் 18

குட்டி,

இதற்குப் பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. கீழே இருக்கும் தையல்காரம்மா கடைக்கு அனுப்பு. விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. நீ நலமா என்று கேட்கக்கூட மறந்துவிட்டேன் பார். நலமாயிரு.

அந்தப் பெரியவருக்காக மணி அடித்தார்களா? நிஜமாகவே அடித்தார்களா? ஆனால் நான் எழுத வந்தது வேறு.

போன வாரம் கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதனை நடந்தது. "முதல் லென்ஸா, ரெண்டாவதா?" என்றார் அத்தான். அந்த மனிதர், "ரெண்டுமே தெளிவா இல்லைங்க" என்றார். இவர் சிரித்துக்கொண்டே, "ரெண்டுல எது பரவாயில்லை, சொல்லுங்க" என்றார். "ரெண்டாவது" என்றார் அவர். அதையே எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் தெரு முனையில் படியைத் தடவித் தடவி இறங்குவதைக் கல்லாவிலிருந்து பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணமான புதிதில் என்னிடம் கேட்டார்: "குளத்து வேலையை இப்பவே விடறியா, பசங்க போட்டி முடிஞ்சதும் விடறியா?" போட்டி முடிந்ததும் என்றேன். எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று அம்மாவிடம் பெருமையாக வேறு சொன்னேன். "உன் ஃபோன் என் மேஜையில இருக்கட்டுமா, அலமாரியிலயா?" அலமாரி என்றேன். "வாசல் சாவி எங்கிட்ட இருக்கட்டுமா, கடையிலயா?" கடையில் என்றேன். குட்டி, அவர் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. எல்லாவற்றையும் நானே தேர்ந்தெடுத்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

பழைய குளத்து மேலாளர் தையல்காரம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேறு ஊரில் புதுக் குளம் திறக்கிறார்களாம், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம், மாடியில் தங்க ஓர் அறையும் உண்டாம். அத்தானிடம் சொன்னேன். "இந்த வருஷம் பூரா யோசிக்கிறியா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாமா?" என்றார். அடுத்த வருஷம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது உன் உருளைக்கிழங்கு மூக்கு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வருகிறேன் என்று மேலாளருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். பள்ளி விடுமுறைக்கு முன்பு போக வேண்டும். அம்மாவிடம் சொல்லாதே.

அக்கா

---

மார்ச் 29

என் பிரிய அக்காவுக்கு,

நான் நலம். உன்னை நினைத்துத்தான் கவலை.

நீ மிகவும் களைத்துப் போயிருக்கிறாய், அக்கா. எல்லாவற்றையும் நீயே தேர்ந்தெடுத்ததாக நினைத்திருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படிக்கும்போது எனக்கே மனம் வெறுமையாகிவிட்டது. அத்தான் உன்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை, இல்லையா? உனக்குக் காய்ச்சல் வந்தபோது கடையை மூடிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார், இல்லையா? அம்மாவுக்கு ஒன்றென்றால் முதலில் ஓடி வருவதும் அவர்தான், இல்லையா?

நம் எல்லோரையும் ஒரே குடைக்குள் நிறுத்திவிட்டு அத்தான் மழையில் நனைந்தபடி வெளியே நின்றாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்று நீ எவ்வளவு சிரித்தாய்!

இப்போதே எதையும் முடிவு செய்ய வேண்டாம். மனம் கொஞ்சம் ஆறட்டும். ஒரு வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறாயா, அல்லது அம்மாவை உன்னோடு வந்து இருக்கச் சொல்லட்டுமா?

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
குட்டி

---

ஏப்ரல் 6

குட்டி,

உன் கடிதத்தை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். தையல்காரம்மாவின் நீல சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன், மன்னித்துக்கொள்.

முதல் கோடு: நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறாய். வெறுமை என்ற சொல் என்னுடையதல்ல, அந்தப் பெரியவருக்கு நீ கொடுத்தது. இரண்டாவது கோட்டில் மூன்று 'இல்லையா'. எண்ணிப் பார்த்துக்கொள். அப்புறம் குடை. அப்புறம் முடிவு செய்ய வேண்டாம். கடைசியில் இரண்டு வாசல், இரண்டும் திரும்ப அதே வீட்டுக்குள்.

தையல் கடை வாசலில் நின்றபடியே படித்தேன். முதல் முறை படிக்கும்போது அழுதேன், தங்கச்சிக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று. இரண்டாம் முறை படிக்கும்போது சாக்பீஸைக் கையில் எடுத்தேன். இந்தக் குழியைத் தோண்டும் விதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே! அதிலேயே என்னைத் தள்ளப் பார்த்தாயே, அதுவும் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில்!

நான் போகக் கூடாது என்று நினைத்தால் 'போகாதே' என்று எழுதியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன்னிடம் யார் பேசினார்கள்?

அக்கா

---

ஏப்ரல் 14

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

நீலக் கோடு போட்ட தாளைப் பார்த்ததும் உன் மேல் கோபம்தான் வந்தது. பாசமாக எழுதினால் திருத்தி அனுப்புகிறாளே என்று. மறுநாள் அலுவலகம் போனேன். மயிலிறகு மேடம் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகும், அவ்வப்போது எடுத்துக் கேட்பார்கள். "ஆபீஸ் லைன்ல சொந்தக் கதை பேசியிருக்கே. வறுத்தெடுக்கத்தான் கூப்பிட்டேன். ஆனா முதல்ல இதைக் கேளு" என்று போட்டுக் காட்டினார். மார்ச் மாதம் வந்த அழைப்பு. நான் வீட்டில் ஃபோன் எடுப்பதில்லை என்று தெரிந்து, ரத்துப் பிரிவு எண்ணுக்கே அழைத்து, வாடிக்கையாளர் போல வரிசையில் காத்திருந்து, என் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பேசியிருக்கிறார். அத்தான். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"பயப்படாதே குட்டி, எல்லாரும் நல்லா இருக்கோம். குளத்துல இருந்து வந்த ஃபோனை நான்தான் எடுத்தேன், அதான் அவ வர்றேன்னு சொல்லியனுப்பினது தெரிஞ்சுது. அக்கா மேல உனக்கு உயிர்தானே?"

"ஆமாம் அத்தான்."

"கொஞ்ச நாளா அவ சரியாத் தூங்கறதே இல்லை. நீயும் கவனிச்சிருப்பே."

"ஆமாம்." நான் எங்கே கவனித்தேன், அக்கா? உன்னைப் பார்த்தே எவ்வளவு நாளாகிறது!

"தெரியாத ஊர்ல அவ உடம்பு முடியாம தனியாக் கிடந்தா நமக்குத் தாங்குமா? கஷ்டம்தானே?"

"ஆமாம் அத்தான்."

"நீ சொன்னாக் கேப்பா. ஃபோன்ல பேசறியா, லெட்டர் எழுதறியா?"

"எழுதறேன் அத்தான்."

"நல்லது. வீட்டுக்கே எழுதறியா, வேற விலாசத்துக்கா?"

"தையல் கடை விலாசத்துக்குத்தான்."

மேடம் பதிவை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பார்த்தியா, நம்ம நம்பர் ஒன்னை எப்படி மடக்கிட்டார்! யாரு இவரு? நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லு" என்றார். நாள் முழுக்க ஊரை மடக்கும் நான், மூன்று ஆமாம் சொல்லி, இரண்டு வாசலில் ஒன்றைப் பொறுக்கியெடுத்து, நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்போடு உன் விலாசத்தையும் அவர் கையில் கொடுத்திருக்கிறேன். பேசமாட்டேன், எழுதமாட்டேன் என்று ஒரு பதில் இருப்பதே எனக்குத் தோன்றவில்லை.

அவருக்குக் கடை தெரியும். ஜாக்கிரதை, அக்கா. உடனே எழுது.

குட்டி

---

மே 2

அக்கா,

எங்கே இருக்கிறாய்?

என் போன கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல் 'இனி இங்கே அனுப்ப வேண்டாம்' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைப் பழைய குளத்து மேலாளருக்கு அனுப்புகிறேன், எப்படியாவது உன்னிடம் சேர்ப்பார் என்ற நம்பிக்கையில். திரும்பி வந்ததையும் இதோடு வைத்திருக்கிறேன்.

நேற்று பொறுக்க முடியாமல் உன் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அத்தான் எடுத்தார். அதே பஞ்சு மாதிரிக் குரல். "அக்கா தூங்கறா. எழுப்பட்டுமா, இல்ல நாளைக்குப் பேசறியா?"

நாளைக்கு என்று சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது. அதைக் கடித்துக்கொண்டேன். "எழுப்புங்க அத்தான்" என்றேன்.

கடிகாரம் ஓடுவது கேட்டது. அப்புறம், "அவ இங்க இல்லை, குட்டி. உங்கிட்ட வந்திருக்காளா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் நேரான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். ஃபோனை வைத்துவிட்டேன்.

உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போடு. வேறு எதுவும் வேண்டாம்.

குட்டி

---

மே 19

குட்டிக்கு,

நலம்.

இந்தச் சொல்லை ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவோம், கை பழக்கமாக. இந்த முறை யோசித்துவிட்டு எழுதினேன்.

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. மேலாளர் கொண்டுவந்து கொடுத்தார். நீ பயந்தபடியே அத்தான் தையல் கடைக்கு வந்தார். சிரித்துக்கொண்டே, நல்ல சட்டை போட்டுக்கொண்டு. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தையல்காரம்மாவையும் வைத்துக்கொண்டு கேட்டார்: "நீ போக நினைச்சதை அம்மாகிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?" தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டார். எனக்குள் வழக்கமான பரபரப்பு, எது பரவாயில்லை, எது பரவாயில்லை என்று. பிறகு, "ரெண்டும் வேண்டாம்" என்றேன். குட்டி, அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்படி அரண்டு போய் அவரை நான் பார்த்ததே இல்லை. மேஜைக்கு அடியில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தேன். தையல்காரம்மாவுக்கு மேலும் தொல்லை வேண்டாமே என்று நான்தான் கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னேன்.

பள்ளியில் உனக்குச் சொல்வன்மைக்கென்று கோப்பை கொடுத்தார்கள். அதெல்லாம் மேடையோடு போகும் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள்ளே செருப்பில்லாமல் நடமாடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ விளையாட்டாக எழுதாமல் இருந்திருந்தால் இன்றும் லென்ஸ் பொறுக்கிக்கொண்டிருப்பேன். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அத்தான் செய்ததைவிட உன் கடிதம்தான் என்னை அதிகம் உலுக்கியது. இரண்டும் உண்மைதான், இரண்டையும் எழுதிவிட்டேன்.

அம்மாவிடம் நானே பேசிவிட்டேன். அழுதாள். பிறகு சாப்பிட்டாயா என்றாள்.

அக்கா

---

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். காய்ச்சல் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை ஐந்தாறு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நம் சின்ன வயசுக் கதை ஒன்று தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீ நீல சாக்பீஸோடு நிற்பது தெரிகிறது. கிழித்துவிடுகிறேன். எது என் பாசம், எது மேடத்தின் பாடம் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அதுதான் பெரிய அதிர்ச்சி.

அந்தப் பெரியவருக்கு ஃபோன் செய்தேன். உங்கள் மனைவியின் எண்ணை ரத்து செய்யட்டுமா என்று கேட்டேன். "அன்னிக்கே செஞ்சிருக்கலாமேம்மா" என்றார். செய்தேன். மேடம் என் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இதற்கு இரண்டு வாசல் இல்லை.

உன்னைப் பார்க்க நான் வரட்டுமா?

குட்டி

---

ஜூன் 8

அன்புள்ள குட்டிக்கு,

நலமாக இருக்கிறேன். தோள் வலிக்கிறது, நல்ல வலி. இந்த அறையில் ஜன்னலைத் திறந்தால் நேரே தண்ணீர். துணியெல்லாம் குளோரின் வாடை அடிக்கிறது.

புதிதாக ஒரு சிறுமி வந்திருக்கிறாள், தண்ணீரென்றால் நடுக்கம். "குதிக்கிறியா, படியில இறங்கறியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, என் வாயிலிருந்தும் அதுவே வருகிறதே என்று. மறுபடி கேட்டேன்: "தண்ணிக்குள்ள வர்றியா?" "மாட்டேன்" என்றாள். துண்டைப் போர்த்திவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: வேண்டாம்.

எப்போது வரலாம் என்று எனக்கு இப்போது தெரியவில்லை. தெரியும்போது நானே எழுதுவேன்.

அக்கா

---

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

சரி.

குட்டி